புதன்கிழமைத் தரகர்

வருடம் 1958. சிவகாசியில் ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய ஆறு வீடுகளில் ஐந்தைக் காலண்டர் கம்பெனி வாங்கிக் காகிதக் கிட்டங்கியாக்கிவிட்டது. லட்சுமிகாந்தம் மட்டும் ஆறாவது வீட்டில் தனியாக இருந்தாள். முன்பெல்லாம் பொதுச்சுவரைத் தட்டினால், "என்ன மதினி?" என்று பக்கத்து வீட்டுக் குரல் வரும். இப்போது காகிதக் கட்டுகள் சத்தத்தையே விழுங்கிவிடுகின்றன.

புதன்தோறும் தரகர் ரத்தினசாமி விலை பேச வருவார். அவள் காபி கொடுத்து, அவர் வீட்டில் ஒவ்வொருவரையும் விசாரித்துவிட்டு, "பத்தாது அண்ணாச்சி, இன்னும் கூடக் கேட்டுட்டு வாங்க" என்பாள். ஏழாயிரம் ஒன்பதாயிரமாயிற்று.

இந்தப் புதன் அவர் உட்காரவில்லை. "இம்புட்டு வெலைக்கு வேண்டாம்னு கம்பெனியில சொல்லிட்டாகம்மா. இனி நான் வரமாட்டேன்."

"கொறச்சுக்கிடுதேன் அண்ணாச்சி!" என்று பதறினாள். "ஒரேயடியா இல்ல. புதனுக்குப் புதன் நூறு ரூவா. வந்து கேட்டுட்டுப் போங்க."