முதல் ஐயோ

கண்ணாடிக் கடைக்காரியின் வீட்டில், ஏழரை மணித் தொடரின் நாளைய பாகம் இன்றைக்கே வந்தது. நான்கு வருடமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. செய்தி சரியான நேரத்துக்கு வரும், கிரிக்கெட் சரியான நேரத்துக்கு வரும், சோப்பு விளம்பரம்கூட ஊருக்கெல்லாம் வருகிற அதே நொடியில் வரும். அந்த ஒரு தொடர் மட்டும் ஒருநாள் முந்திக்கொள்ளும். கேபிள்காரர் வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார், வயரை முறுக்கிப் பார்த்தார், மொட்டைமாடி வரை போய்வந்து, "சிக்னல் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சீக்கிரமா வருது, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். டிவியை மாற்றினார்கள், பலனில்லை. ஒருநாள் நாத்தனார் வீட்டுக்குப் போய் சோபாவில் சாய்ந்தபோதுதான் கோளாறு டிவியில் இல்லை, இவளிடம் இருக்கிறது என்பது வெட்டவெளிச்சமானது. அன்றைக்குக் காணாமல்போக வேண்டிய வக்கீல், அந்த வீட்டுத் திரையில் அதற்குள் கிடைத்தே விட்டார். "அவர் தொலையவே இல்லையே, எப்படி அண்ணி கிடைச்சாரு?" என்று நாத்தனார் தலையைப் பிய்த்துக்கொண்டாள். மறுவாரம், இனிமேல் எட்டு மணிக்கு மேல் வந்தால் நிம்மதியாகப் பேசலாம் என்று பக்குவமாகச் சொல்லியும் விட்டாள். கண்ணாடிக்காரியின் வீட்டுக்காரர் எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு அளவெடுக்கிற பிழைப்பு. மனைவியை வாசற்படிக்கு உள்ளேயும் வெளியேயுமாகப் பத்துத் தடவை நடக்கவிட்டுப் பார்த்தார். உள்ளே இருந்தால் நாளை, வெளியே போனால் இன்று. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாலும் நாளைதான். சரி, இப்படி ஒரு உடம்பு என்று முடிவு கட்டிவிட்டு இரண்டு பேரும் சாப்பிடப் போனார்கள்.

அடுத்து வருவதை அறிந்திருப்பது பெரிய பாக்கியம் என்று நினைப்பவர்கள் ரசிகர் கூட்டத்தில் ஒருநாள்கூட இருந்ததில்லை என்று அர்த்தம். ஏழரை மணித் தொடருக்குச் சமூக வலைத்தளத்தில் பதினோராயிரம் பேர் கொண்ட ஒரு குழு இருந்தது. அதை நடத்தியவர் ஒரு பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுநர். குழுவில் அவருக்குப் பெயர் ஹாரன். மற்ற குழுக்களில் விமர்சனம் என்றால் நட்சத்திரம் போடுவார்கள், பத்துக்கு ஏழு என்பார்கள். ஹாரனுக்கு அதெல்லாம் பிடிக்காது. யோசித்து எழுதுவது விமர்சனமே இல்லை, வாயிலிருந்து தானாக வருவதுதான் விமர்சனம் என்பது அவர் கட்சி. ஆகவே குழுவில் ஒரே விதி: தொடர் ஓடும்போது திடுக்கென்று ஏதாவது நடந்தால், அந்த நொடியில் எல்லோரும் "ஐயோ" என்று ஒரே ஒரு வார்த்தை போட வேண்டும். எட்டு மணிக்கு ஹாரன் உட்கார்ந்து எண்ணுவார். ஆயிரத்துக்குக் கீழே என்றால் பாகம் சுமார். இரண்டாயிரத்தைத் தாண்டினால் பிரமாதம். மாமியார் உயிலைக் கிழித்த அன்று ஆறாயிரத்து நானூறு ஐயோ விழுந்து, பல பேருக்குக் கைப்பேசி சூடாகி, ஒரு நர்ஸம்மாவின் போனில் அந்த எழுத்துகள் மூன்று நாள் வரை அழியாமல் நின்றன.

கண்ணாடிக்காரி அந்தக் குழுவுக்காக உயிரை விடுவாள். பகல் முழுக்க அவளுக்கு லென்ஸ் அரைக்கிற மிஷின் சத்தமும், சுவரில் மாட்டிய எழுத்தைப் படிக்கிற கிழவர்களின் முனகலும்தான் துணை. வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் ஒருநாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் செலவழிக்கமாட்டார். முகம் தெரியாத பதினோராயிரம் பேர் ஒரே நொடியில் மூச்சைப் பிடித்து ஒரே நொடியில் விடுவதில் தானும் ஒருத்தி என்பதுதான் அவளுக்கு அந்த நாளின் ருசி. அந்த ருசிதான் அவளுக்கு வாய்க்கவில்லை. அவர்கள் மூச்சைப் பிடிக்கிற விஷயத்தை அவள் நேற்றே பார்த்துத் தொலைத்திருப்பாள். அதனால் ஒரு நோட்டு வைத்துக்கொண்டாள். "7.41, வக்கீல் கவரைப் பிரிக்கிறார், ஐயோ. 7.53, கவரில் வெறும் காகிதம், பெரிய ஐயோ" என்று இன்று பார்த்ததை எழுதி வைப்பாள். மறுநாள் ஏழரைக்கு ஒரு கண் திரையில் அடுத்த நாள் பாகத்தின் மேல், ஒரு கண் நோட்டின் மேல், ஒரு கண் கடிகாரத்தின் மேல் என்று, இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு மூன்று கண் வேலை பார்ப்பாள். நிமிஷம் தவறிவிடுமோ என்ற பதற்றத்தில் அவளுடைய ஐயோ எப்போதும் மற்றவர்களைவிட நான்கு நொடி முன்னால் போய் விழும். வினையே அதுதான். ஹாரன் அவளுக்கு "முதல் ஐயோ" என்று பட்டமே கொடுத்துவிட்டார். கண்ணாடி அக்காவின் ரசனை மின்னல் வேகம் என்று குழுவே மெச்சியது. மெச்ச மெச்ச அவளுக்குக் கூசியது. நான்கு வருடத்தில் ஒரு ஐயோகூட நிஜமாகப் போடாதவள் என்று யாரிடம் போய்ச் சொல்வாள்.

குட்டு வெளிப்பட்டது லென்ஸ் துடைக்கிற திரவத்தால். அது கொட்டி நோட்டில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, முந்தின நாள் பக்கம் என்று நினைத்து, அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்த அடுத்த பக்கத்தைப் பார்த்து 7.44க்கு ஒரு ஐயோவைத் தட்டிவிட்டாள். அந்த நிமிஷம் ஊருக்கெல்லாம் தெரிந்த காட்சியில் மாமியார் துவாலை மடித்துக்கொண்டிருந்தார். வேறொன்றுமில்லை, வெறும் துவாலை. அந்த அமைதியில் அவளுடைய ஐயோ மட்டும் தன்னந்தனியாக நின்றது. ரசிகர்கள் சும்மா விடுவார்களா. கண்ணாடி அக்கா காரணமில்லாமல் பதறமாட்டார் என்று துவாலை ஆராய்ச்சி கிளம்பியது. நீலத் துவாலைக்குக் கீழே ஏன் பச்சைத் துவாலை என்று ஒருவர் நாலு பக்கம் எழுதினார். மாமியார் மூன்றாக மடிக்கிறவர் ஏன் நான்காக மடித்தார் என்று இன்னொருவர் பழைய காட்சிகளைத் தோண்டி எடுத்துப் போட்டார். ஹாரன் மட்டும் அந்த நிமிஷத்தைக் குறித்து வைத்துக்கொண்டார். மறுநாள் அதே 7.44க்கு மூத்த மருமகள் மாடிப்படியிலிருந்து உருண்டபோது இரண்டாயிரத்து முந்நூறு ஐயோ விழுந்தது. கண்ணாடிக்காரியுடையது அதில் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம், பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு, ஹாரன் விலாசம் விசாரித்துப் பேருந்தோடு கடை வாசலுக்கு வந்துவிட்டார்.

அவர் கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் இருந்த கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

"கண்ணாடி அக்கா, புதன்கிழமை போட வேண்டிய ஐயோ செவ்வாய்க்கிழமையே வந்துடுச்சே" என்றார் மெதுவாக.

அவள் கையில் இருந்த ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டு, கேபிள்காரரில் தொடங்கி ஒட்டிப்போன பக்கம் வரை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். "உங்களை எல்லாம் ஏமாத்தணும்னு இல்லைங்க. கூட்டத்தோட இருக்கணும்னு ஆசை. நாலு வருஷமா ஒரு தடவைகூட உங்களோட சேர்ந்து திடுக்கிட்டது இல்லைங்க" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழுவிலிருந்து தூக்கிவிடுவார், அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

ஹாரன் பேருந்து ஓட்டுகிறவர். தாமதமாக வந்ததற்குப் பிள்ளைகள் சொல்கிற சாக்குகளில் அவர் கேட்காதது பாக்கியில்லை. "சீக்கிரம் வந்துட்டேன்னு ஒருத்தர் அழுது இப்பத்தான் பாக்கிறேன்" என்றார். இப்படியும் இருக்கும் என்று தலையை ஆட்டிக்கொண்டார். எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி, "அந்த வக்கீல் பொழைச்சுக்குவாரா?" என்று கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் "வேணாம், வேணாம், சொல்லாதீங்க" என்று காதைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடினார். விஷயத்தை யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டாவது பாகத்தோடு தொடர் முடிகிறது என்று அறிவிப்பு வந்தபோது குழுவே இடிந்து போனது. கடைசிப் பாகத்தை ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவாகி, வரக்கூடிய தூரத்தில் இருந்த முப்பத்துமூன்று பேரையும் கண்ணாடிக்காரியையும் ஹாரன் தன் வீட்டுக்கு அழைத்தார். கண்ணாடிக்காரி வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "நான் உள்ள வந்தா உங்களுக்குக் கடைசிப் பாகமே போயிடும். மறுநாள் பாகத்தைக் காட்டும். மறுநாள்னு ஒண்ணு இல்லையே, வெறும் கறுப்பாத்தான் இருக்கும்" என்றாள். ஹாரன் ஒரு நிமிஷம் தாடையைச் சொறிந்தார். "அப்ப பஸ்ல உக்காருங்க. வாசல்லயே நிறுத்துறேன். படம் தெரியாட்டி போகுது, எங்க சத்தமாவது கேக்கும்ல. அது இன்னிக்குச் சத்தம்தானே" என்றார். இந்த யோசனை அவளுக்குப் பிடித்துவிட்டது. முந்தின நாள் ஏழரைக்கு, நான்கு வருடத்தில் முதல் தடவையாக, டிவியைப் போடாமல் இருந்தாள். வீட்டுக்காரர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அன்று ஹாரன் வீட்டில் எள் விழ இடமில்லை. வருடக்கணக்காக ஒன்றாகப் பதறியவர்கள் ஒருவரை ஒருவர் முதன்முதலாக நேரில் பார்த்து, குழுப் பெயரைச் சொல்லிக் கண்டுபிடித்து, கட்டிக்கொண்டார்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டு ஏழரைக்கு எல்லோரும் அடங்கினார்கள். வெளியே பேருந்தில், சின்னப் பிள்ளைகளுக்கான இருக்கையில், முழங்கால் தாடையில் இடிக்க அவள் உட்கார்ந்திருந்தாள். தொடக்கப் பாட்டு கேட்டது. பிறகு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒரு ஐயோவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓர் இருமல், பிறகு "என்னங்க இது" என்று யாரோ, பிறகு முப்பத்துநான்கு பேரின் நீளமான பெருமூச்சு. உள்ளே நடந்தது இதுதான்: ஆறு வருடப் பகையை எல்லோரும் நான்கு நிமிஷத்தில் மறந்து, கூடத்தில் வரிசையாக நின்று சிரித்தார்கள். வக்கீல் அந்த வரிசையில் நிற்பதற்காகவே வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். ஏழு ஐம்பத்தொன்றுக்குக் கதை முடிந்து, நன்றி சொல்கிற பெயர்கள் ஓட ஆரம்பித்தன. நர்ஸம்மா "இதுக்கா ஆறு வருஷம்" என்று மூக்கை உறிஞ்சினாள். அன்றைய ஐயோ மொத்தம் நாற்பத்தொன்று, அதில் பாதி நக்கல்.

ஹாரன் தளர்ந்த நடையோடு பேருந்துக்கு வந்தார். "முடிஞ்சுபோச்சு. இனிமே கெட என்ன இருக்கு? உள்ள வந்து ஒரு டீயாவது குடிங்க."

அவள் வாசற்படியைத் தாண்டினாள். திரையில் பெயர்கள் நின்றன. கறுப்பு வரவில்லை. அதே கூடம் வந்தது. விருந்தாளிகள் போய்விட்டிருந்தார்கள், மூத்த மருமகள் மட்டும் தனியாக நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். மூலையில் 1873 என்று எண் ஓடியது. அறையில் யாரும் அசையவில்லை. அழைப்பு மணி அடித்தது. மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். வெளியே, கையில் பெட்டியோடு, அதே மூத்த மருமகள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயோ" என்றார்கள் முப்பத்தைந்து பேரும்.

அது நோட்டிலிருந்து வரவில்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது என்பதைக் கண்ணாடிக்காரி உணர்ந்தபோது நர்ஸம்மா அவள் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருமே அதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. கைப்பேசியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கண்ணாடிக்காரி அழுதாள், கூடவே சிரித்தாள். எட்டு மணிக்கு விளம்பரம் வந்தபோது, வந்தவர்களில் யார் நேற்றே இதைப் பார்த்திருக்கிறார்கள் என்று தேடினாலும் ஒருவரும் இல்லை. உலகத்தில் யாருமே இல்லை.

அதன் பிறகு தொடர் நிற்கவே இல்லை. கண்ணாடிக்காரி தினமும் ஏழரைக்கு ஹாரன் வீட்டு வாசற்படியைத் தாண்டினால் போதும், அடுத்த பாகம் வந்துவிடும். தயாரித்த நிறுவனம், அப்படி ஒரு பாகத்தைத் தாங்கள் எடுக்கவில்லை என்று ஒரு கடிதம் அனுப்பியது. ஹாரன் மரியாதையாகப் பதில் போட்டார். மூத்த மருமகளாக நடித்தவர் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வேறொரு தொடரில் போலீஸ் அதிகாரியாகிவிட்டார், ஆனால் ஹாரன் வீட்டுத் திரையில் அவருக்குப் பின்னல் இடுப்பு வரை இருக்கிறது, அதுவும் இரண்டு பேருக்கு. குழுவில் தினமும் கதைச் சுருக்கம் வருகிறது. நேரில் பார்க்காதவர்கள் அதைப் படித்தே ஐயோ போடுகிறார்கள், ஹாரன் அதைத் தனியாக எண்ணுகிறார். ஒருமுறை கண்ணாடிக்காரிக்குக் காய்ச்சல் வந்தபோது திரையில் சமையல் நிகழ்ச்சிதான் வந்தது; உடனே முப்பத்துநான்கு பேரும் பேருந்தில் ஏறி அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள், வீட்டுக்காரர் அன்றைக்கு நாற்பது வார்த்தை பேசினார். இப்போது இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பதாவது பாகம் நடக்கிறது. முதல் ஐயோ பட்டம் நர்ஸம்மாவுக்குப் போய்விட்டது. கண்ணாடிக்காரி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எல்லோரும் போட்டு முடித்த பிறகுதான் நினைவு வந்து கைப்பேசியைத் தேடுகிறாள். அவளுடைய ஐயோ தினமும் கடைசியாக வந்து விழுகிறது.