பியோவின் ஆள்காட்டி விரல்

தென் கொரியாவின் இஞ்சியோனில் பாட்டில் மூடி செய்யும் எங்கள் கம்பெனியில், வருடக் கடைசி விருந்தன்று ஒவ்வொரு பிரிவும் மேடையேற வேண்டும். போன வருடம் கணக்குப் பிரிவு மாயாஜாலம் காட்டியது. இந்த முறை விற்பனைப் பிரிவு கம்பெனிப் பாட்டை வாத்தியங்களோடு வாசிக்கும் என்று எங்கள் தலைவர் பியோ அறிவித்தார். அறிவித்த பிறகுதான் கிடார் வாங்கினார்.

ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டி, மதிய இடைவேளையில் கூட்ட அறையின் பெரிய திரையில் ஓடவிட்டுப் பழகினார். துணைக்கு தோ யூரிம். அவள் அதே வகுப்பை ஏற்கெனவே முடித்தவள். அவளுடைய வேலை ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று சிபாரிசு எழுத வேண்டியவர் பியோ.

முதல் ஒத்திகையில் பியோ சி கார்டைப் பிடித்தார்; சில சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதுதான் கார்டு. ஆள்காட்டி விரல் கம்பியில் இறங்காமல் அந்தரத்தில் நின்றது. கம்பி தன் பாட்டுக்கு வேறொரு சுரத்தைச் சொன்னது. கீபோர்டில் உட்கார்ந்திருந்த ஹாம் இருமினான்.

"என்னப்பா, தப்பா?"

"தப்பில்லைங்க பூஜாங்நிம்," என்றாள் யூரிம். பிரிவுத் தலைவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "அது சி மேஜர் செவன்."

அவள் சொன்னது பொய்யில்லை. கார்டின் பெயரில் முதலில் வரும் எழுத்து அடிச்சுரம். அதிலிருந்து எண்ணினால் வரும் ஏழாவது சுரமும் சேர்ந்து ஒலித்தால், பெயரோடு செவன் ஒட்டிக்கொள்ளும். அழுத்தாமல் விட்ட கம்பி தந்தது அந்த ஏழாவதைத்தான்.

"அதான் கொஞ்சம் வசதியான வீட்டுப் பாட்டு மாதிரி கேட்டுச்சு," என்றார் பியோ.

அதன்பின் சுண்டு விரல் எட்டாத ஜி, ஜி சிக்ஸ் ஆனது. மோதிர விரல் தூங்கிவிட்ட ஏ மைனர், ஏ மைனர் செவன் ஆனது. ஒவ்வொரு சோம்பலுக்கும் ஓர் எண் கிடைத்தது. பியோ பாட்டுத் தாளையே திருத்தி எழுதச் சொல்லி லேமினேட் போட்டுக்கொண்டார். "வெறும் சி எல்லாம் நாங்க வாசிக்கிறதில்ல," என்று கணக்குப் பிரிவில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார்.

காபி மெஷின் பக்கம் ஹாம் யூரிமைப் பிடித்தான். "அந்தாளு கிடாரைக் கீழ போட்டா அதுக்கு என்ன பேரு வைப்ப?"

"சிபாரிசு எழுதிட்டாரான்னு முதல்ல கேட்டுச் சொல்லு. அப்புறம் வைக்கிறேன்."

எழுதவில்லை. விருந்து முடியட்டும் என்று வைத்திருந்தார்.

விருந்தில், மேசை அடுப்புகளில் பன்றி இறைச்சி வாட்டிய புகைக்கு நடுவே கம்பெனிப் பாட்டு எழுந்தது. 'இறுக மூடுவோம், ஒரு துளியும் சிந்தவிடோம்' என்ற வரிகள், ஹோட்டல் வரவேற்பறையில் யாருக்காகவோ காத்திருப்பது போல ஒலித்தன. முதலாளி சோஜு மதுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கல்லூரி நாளில் கிடாரும் கையுமாகத் திரிந்தவர் அவர்.

"பியோ, ஆள்காட்டி விரல் படலையே."

"அது சி மேஜர் செவனுங்க, சாஜாங்நிம்," என்றார் பியோ முதலாளியிடம்.

"சரி. இப்ப வெறும் சி வாசி."

பியோ வாசித்தார். சி மேஜர் செவன் வந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். அதேதான் வந்தது.

"இந்தப் பேரை உனக்கு யாரு சொன்னது?"

பியோ கையைக் காட்டினார். யூரிம் எழுந்து நின்றாள். சிபாரிசு எழுத வேண்டிய மனிதர் ஒரு பக்கம், அவருக்கும் மேலே இருப்பவர் மறுபக்கம்.

"பேரு சரிதானாம்மா?"

"பேரு சரிதாங்க," என்றாள். "விரல்தான் சரியில்லைங்க."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பியோ.

"இவ்வளவு நாள் அவனுக்கு வலிக்காமப் பாத்துக்கிட்டியே," என்றார் முதலாளி. "இந்தப் பொண்ணை நிரந்தரமாக்கி, வாடிக்கையாளர் புகார்ப் பிரிவுக்கு அனுப்புங்க."

இறைச்சி தீய்ந்த வாடை வந்தபோதுதான் அடுப்பு ஞாபகம் வந்தது.

ஜனவரியிலிருந்து யூரிம் புகார்ப் பிரிவில்தான் இருக்கிறாள். ஒழுகுகிற மூடி என்று எங்களிடம் இப்போது எதுவும் இல்லை. காற்றோட்ட மூடி இருக்கிறது. அதற்கு விலையும் கொஞ்சம் கூடுதல். அதை விற்கும் பொறுப்பு பியோவுடையது.