பிரேக் இல்லாத பக்கம்

சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்குகிறது, உடனே வெடித்துவிடாமல் ஒரு கணம் முரண்டு பிடித்து அப்புறம் விட்டுக்கொடுக்கிற அந்தச் சத்தம், அதன் பின்னாலேயே புளிப்பு வாசனை, ஸ்டியரிங்கின் மேல் இருப்பவை என் கைகள்தானா என்று குனிந்து பார்த்துக்கொள்கிறேன், ஈச்சனாரிப் பிள்ளையார் கோவில் வாசலில் புது வண்டிகள் மாலை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கின்றன, பால் வண்டி, டிராக்டர், வெள்ளை வெள்ளையாகக் குடும்பக் கார்கள், நடுவில் என்னுடையது சிவப்பாகத் தரையோடு தரையாகக் கிடக்கிறது, அதற்குச் சந்தனம் வைக்கக் குருக்கள் தோப்புக்கரணம் போடுகிற மாதிரி உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டியிருந்தது. நாத்தனார் ருக்மணி ஒரு சுற்று சுற்றி வந்தாள், புது வண்டியில் முதல் சவாரிக்கு வீட்டார் எல்லோரும் ஏறுவதுதானே முறை, இதென்னுங் அண்ணி, பின்னாடி சீட்டையே காணம், நாங்கெல்லாம் எங்க உக்கார்றதுங்க என்றாள், அறுபது வயசில் சிவப்புக் கார் என்ன கேடு என்று கேட்கத்தான் வாயெடுத்தாள், பிள்ளையார் எதிரில் இருந்ததால் இதைக் கேட்டாள், எனக்குத் தெரியாதா அவளை. அதற்கு முன்பே நான் எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டேன், சாவி கைக்கு வந்ததும் நேராக நடந்து போய் நான் திறக்கப் போனது இடது பக்கக் கதவை, அங்கே ஏற்கெனவே என் வீட்டுக்காரர் சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார், இக்கட்ட நாந்தான் அம்மிணி, நீ அக்கட்டப் போ என்றார்.

பழக்கம் ஒரு சாவியில் போய்விடுமா, வாழ்நாள் முழுக்க நான் உட்கார்ந்தது இடது பக்கம்தான், பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற பள்ளி என்னுடையது, கூரைமேல் மஞ்சள் பலகை வைத்த பழைய வண்டி, அதில் இடது பக்கத்திலும் ஒரு கிளட்ச் உண்டு, ஒரு பிரேக் உண்டு, ஆக்ஸிலரேட்டர் மட்டும் கிடையாது, நிறுத்துவதற்கு எனக்கு உரிமை இருந்தது, போவதற்கு இல்லை. வலது பக்கத்தில் ஒருத்தி வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நான் வெளியே ஒன்றும் தெரியாதவள் போல வேடிக்கை பார்த்துக்கொண்டு கீழே காலைப் பிரேக்கின் மேலேயே வைத்திருப்பேன், மெதுவா கண்ணு, பிரேக்கு, பிரேக்கு, இந்த இரண்டு சொல்லை வைத்தே பிழைத்தேன் என்று சொல்ல வேண்டும். கற்றுக்கொண்டவர்கள் கார் வாங்கும்போது மறக்காமல் கூப்பிடுவார்கள், அக்கா, நீங்க பக்கத்துல உக்காந்தாத்தான் எனக்குத் தைரியம் என்பார்கள், நானும் போய் அதே இடது பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுடைய எலுமிச்சம்பழங்கள் நசுங்குவதைக் கேட்டுவிட்டு, பொங்கல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், எங்கள் வீட்டில் அது வாத்தியாரம்மாவின் வீட்டுக்காரர், மில்லில் வருகைக் கணக்கு எழுதுகிற டைம் ஆபீசில் இருந்த அவர் ஓய்வு பெறும்வரை பஸ்ஸில்தான் போய்வந்தார், ஒரே ஒரு தடவை வலது பக்கம் உட்கார வைத்தேன், தெருமுனை திரும்புவதற்குள் நான் எத்தனை தடவை பிரேக்கை மிதித்தேனோ, வண்டி துள்ளித் துள்ளி நின்றது, அவர் இறங்கிக் கதவை மெல்லச் சாத்திவிட்டு, நீ ஓட்ட உடமாட்ட அம்மிணி என்றார், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அந்த ஆசை எப்போது வந்தது என்று கேட்டால் ரேஸ்கோர்ஸ் பங்களாத் தெருவில் ஒரு மில்காரர் வீட்டுப் போர்டிகோ கண்முன்னால் வருகிறது, அந்த வீட்டு மருமகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறேன், அவள் புடவை மாற்றிக்கொண்டு வருவதற்குள் காற்று ஒரு காரின் மேல் போர்த்தியிருந்த உறையைத் தூக்குகிறது, உள்ளே சிவப்பு, இரண்டே இருக்கை, வெளியே வந்த அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உக்காந்து பாருங்கக்கா, ஓட்ட மட்டும் மாமா உடமாட்டாருங்க என்கிறாள், நான் உட்கார்ந்தது அங்கேயும் இடது பக்கம்தான், ஆனால் காலடியில் பெடல் எதுவும் இல்லை, வெறும் தரை, அந்தத் தரையில் காலை வைத்துக்கொண்டு எனக்கு ஏன் அப்படி அழுகை வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அப்புறம் பெண்ணின் படிப்பு, கல்யாணம், பள்ளிக்கு இன்னொரு வண்டி, ஆசைக்கு வயசாகாது, அது உறைக்குள்ளேயே நிற்கும், காற்றடித்தால் மட்டும் சிவப்பாகத் தெரியும்.

கண் டாக்டரம்மா சின்னப் பெண், என் பெண் வயசுதான் இருக்கும், கண்ணில் அழுத்தம் ஏறி ஏறி நரம்பு கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு மெதுவாகப் பேசினாள், நடுவுல நல்லாத் தெரியும்மா, ஓரந்தான் போயிட்டே இருக்கு, போனது திரும்பாது, இருக்கறதச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தப் பாக்கலாம், இப்போதைக்குப் பகல்ல ஓட்டுங்க, அடிக்கடி வந்து அளந்து பாருங்க, ஆனா ஒருநாள் சாவியைக் குடுத்தறணும், அதை நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டா நல்லது. பிறர் காலை நம்பாமல் வாழ்ந்தவளுக்கு இப்போது சொந்தக் கண்ணையே நம்ப முடியாது என்றால் எப்படி இருக்கும், ஆஸ்பத்திரி வாசலில் நின்று சத்தமில்லாமல் அழுதேன், சென்னியப்பன் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், மழையும் இல்லை வெயிலும் இல்லை, எதற்குப் பிடித்தார் என்று தெரியவில்லை. பள்ளியை என்னிடம் கற்றுக்கொண்ட தெய்வானைக்கே விற்றேன், அந்தப் பணத்தோடு என் சேமிப்பையெல்லாம் போட்டு ஒரு கார் வாங்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன், எதற்கு, இந்தக் கண்ணோடா, ஊர் என்ன சொல்லும் என்று ஆயிரம் கேள்விக்கு நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன், அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, செவப்புத்தானே என்றார்.

பொள்ளாச்சி ரோட்டில் காலை வெயில், பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று குறுக்கே அடிக்கிறது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறேன், எனக்கே எனக்கென்று ஒரு ஆக்ஸிலரேட்டர், முதுகுக்குப் பின்னால் இன்ஜின் உறுமுகிறது, இருக்கை முதுகைத் தள்ளுகிறது, மூன்றாவது கியர், நான்காவது, தென்னந்தோப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன, யாரும் பயப்படவில்லை, யாரையும் நிறுத்த வேண்டியதில்லை, வாய்விட்டுச் சிரிக்கிறேன், சந்தோஷம் என்றால் வெறும் சந்தோஷம், அதில் வேறொன்றும் கலக்கவில்லை, தினமும் இந்தச் சந்தோஷத்துக்காகவே விடிந்தது. கனவிலும் ஓட்டினேன், கனவில் வலது பக்கம் நானும் இடது பக்கம் நானுமாக உட்கார்ந்திருப்போம், இடது பக்கத்துக்காரி மெதுவா மெதுவா என்பாள், வலது பக்கத்துக்காரி காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள், விழித்துக்கொண்டு போய் நிஜமாக ஓட்டினால் அந்த இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தது, முதலில் இடது கண்ணாடி, பிறகு கதவு, பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சென்னியப்பனே, தலையைத் திருப்பினால்தான் அவர் வருவார், திருப்பாவிட்டால் குரல் மட்டும் வரும், நான் காலம் முழுக்க உட்கார்ந்திருந்த இடம் முதலில் இருட்டானது. இதை யாரிடமும் சொல்லவில்லை, இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் என்று ஓட்டினேன், அவர் காலையில் நடைப்பயிற்சி என்று கிளம்புவார், செருப்பில் தூசியே இல்லாமல் திரும்புவார், சாப்பாட்டு மேசைக்கடியில் அவருடைய இடது கால் எதையோ அமுக்கி அமுக்கி விடும், வாதமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், அத்தனை பேர் காலைப் பார்த்தே பிழைத்தவள் நான்.

கிணத்துக்கடவு தாண்டி வரும்போது இடது பக்கமிருந்து ஒரு மொபெட், பின்னால் வாழையிலைக் கட்டு, ரோட்டில் ஏறியது எனக்குத் தெரியவே இல்லை, அம்மிணி என்று ஒரு குரல், என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது, வண்டி கத்திக்கொண்டு நின்றது, மொபெட்காரர் என் முன் சக்கரத்துக்குச் சாண் தூரத்தில் கால் ஊன்றி நிற்கிறார், பார்த்து வாங்கம்மா, வூட்ல புள்ளகுட்டி இருக்குதுங்க என்று சொல்லிவிட்டுத் திட்டாமல் போகிறார், அவர் திட்டியிருக்கலாம். தலையைத் திருப்பிப் பார்த்தேன், சென்னியப்பனின் இரண்டு கால்களும் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தன, இல்லாத பிரேக்கை, இத்தனை காலம் நான் மிதித்த மாதிரியே. ஓரமாக ஒரு வேப்பமரம், அடியில் லெமன் சோடாக் கடை, அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன், சாவியை எடுத்து அவர் மடியில் வைத்தேன், இனி நான் ஓட்டக்கூடாதுங்க, இப்பவே தெய்வானைக்குப் போன் பண்ணுங்க, யாரையாச்சும் அனுப்பச் சொல்லுங்க என்றேன், குரல் உடையாமல்தான் சொன்னேன், சொல்லி முடித்த பிறகுதான் உடைந்தது.

அவர் போன் பண்ணவில்லை, சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார், அவருடைய படம் போட்ட லைசென்ஸ், முறைத்துக்கொண்டு நிற்கிற படம், நீ பள்ளிய வித்த வாரமே சேந்துட்டேன் என்றார், தெய்வானை கிட்டத்தான், உன்ற வண்டியிலதான், உன்ற சீட்டுலதான் அந்தப் புள்ள உக்காந்திருந்துச்சு, அது என்னெய ஓட்ட உட்டுச்சு. எனக்குச் சுருக்கென்றது, அதே நேரத்தில் அந்தக் கிழட்டு முகத்தைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, வெட்டவெளியில் அதெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லை. அவர் இறங்கிக் கடைக்குப் போய் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கி வருகிறார், எதுக்குங்க இது, வண்டி பழசாகிப்போச்சே என்கிறேன், வண்டிதான் பழசு, நான் புதுசு அம்மிணி என்று குனிந்து முன் சக்கரங்களுக்கடியில் ஒன்றொன்றாக வைக்கிறார், நான் சுற்றி நடந்து போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்காருகிறேன், கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது, வெறும் தரை, மறுபடியும் தேடுகிறது, குனிந்து அதைப் பார்க்கிறேன், செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கால்களையும் தூக்கி மடக்கி இருக்கையின் மேல் சம்மணம் போட்டுக்கொள்கிறேன். இன்ஜின் கிளம்பி இருமி நிற்கிறது, திரும்பக் கிளம்புகிறது, அவர் கழுத்தில் வேர்வை, வண்டி ஊர்கிறது, என் பக்கத்துச் சக்கரத்துக்கடியில் ஒரு எலுமிச்சம்பழம் முரண்டு பிடித்துக்கொண்டிருக்கிறது, மெதுவா என்று சொல்லத்தான் வாய் வருகிறது, மிதிங்க என்கிறேன், என்ன அம்மிணி என்கிறார் நம்பாமல், இன்னும் கொஞ்சம் மிதிங்க என்கிறேன், பழம் விட்டுக்கொடுக்கிறது, புளிப்பு வாசனை உள்ளே வருகிறது.