துரையின் ஓட்டு

அம்மா இறந்து பத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணன் ஒரு காகிதக் கட்டோடு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். போக்குவரத்து அலுவலகத்தில் இருபத்தைந்து வருஷமாகப் படிவங்களோடு மல்லுக்கட்டுகிறவன். எந்தப் பக்கத்தில் எங்கே கையெழுத்து வேண்டும் என்று முன்கூட்டியே பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தான்.

"அம்மாவோட பென்ஷன் துரைக்கு மாறணும்னா இது வேணும். அவனால தன் காரியத்தைத் தானே பாத்துக்க முடியாது, நீதான் காப்பாளர்னு கோர்ட்ல சொல்லணும். எல்லாம் எழுதிட்டேன். நீ போட்டா போதும்."

அவள் போட்டாள். ஏழு இடம். "ஒரு தடவை படிச்சுப் பாரேன்" என்று அவன் ஒப்புக்குச் சொன்னபோதும், "நீ படிச்சிருப்பே இல்ல" என்றாள். வீட்டு வாசற்கதவைப் பெயர்த்துக்கொண்டு போகிறோம் என்று எழுதி நீட்டியிருந்தாலும் அன்றைக்கு அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

துரை அவர்களுடைய தம்பி. வயது முப்பத்தாறு. சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை பூட்டாமல் வாசலைத் தாண்ட மாட்டேன் என்று சின்ன வயதிலேயே அடம்பிடித்ததால் வந்த பெயர் அது. எழுதப் படிக்க வரவில்லை. பேச்சு வரும். ஆனால் ஒரு வாக்கியம் கிளம்பி வந்து சேர நேரமாகும். அதற்குள் எதிரே இருப்பவர்கள் அவனுக்காக அதை முடித்துவிடுவார்கள். குளிக்கும்போது வழுக்கி விழுவான் என்று குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். அம்மா இருந்தவரை அம்மா இருந்தாள்.

துரையின் அக்காவான அவளுக்கு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. வார்டுகளிலிருந்து வந்து துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் சூட்டு உருளைக்குள் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, சுருக்கம் விழாமல், கை உள்ளே போய்விடாமல். அம்மா இறந்த நாலாவது நாளே வேலைக்கு வந்துவிட்டாள். அவள் அழவில்லை. மறுமுனை பிடிக்கும் தோழி ஒரு நாள் கத்தினாள்: "அடியே, கை! கை!" குனிந்து பார்த்தால் ஆட்காட்டி விரல் ஓரமாக வெளுத்துக் கொப்புளித்திருந்தது. எப்போது பட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. "வலிக்கலையா?" என்றாள் தோழி. "வலிக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. கோர்ட்டிலிருந்து உத்தரவு வந்தது, பென்ஷன் மாறியது. அண்ணன் உத்தரவை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தான். அவள் அதை அலமாரியில் வைத்தாள்.

தேர்தல் அன்று காலையில் அவள் எழுந்தபோது துரை உடுத்திக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான்.

"எங்கேடா கிளம்பிட்டே?"

"இன்னிக்கு... ஓட்டு."

அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. பதினெட்டு வயதிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் அவனை அழைத்துப்போனது அம்மாதான். சரி, போய் வந்துவிடலாம் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகளின் வகுப்பறையில் வாக்குச்சாவடி. வரிசை நீளம். துரை பொறுமையாக நின்றான். முன்னால் நின்றவர் நகர்ந்தால் நகர்ந்தான். மேசையில் பட்டியலோடு இருந்த அலுவலர் அவளுடைய பெயரைக் கண்டுபிடித்து டிக் அடித்தார். அதற்கு மேல் வரியில் அம்மாவின் பெயர் அப்படியே இருந்தது. கீழ் வரியில் துரையின் பெயர்மேல் ஒரு கோடு.

"இவருக்கு இல்லம்மா."

"ஏன்?"

அவர் இன்னொரு தாளைப் புரட்டினார். "காப்பாளர் நியமிச்ச உத்தரவு. அஞ்சாவது பத்தியில இருக்கு. வாக்களிக்கத் தகுதி இல்லைன்னு. மனு குடுத்தது..." அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீங்கதான்."

பின்னால் நின்றவர்கள் செருமினார்கள். அவள் வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனாள், முத்திரை குத்தினாள், மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். யாருக்குக் குத்தினாள் என்று வெளியே வந்ததும் நினைவில்லை.

துரை கையை நீட்டியபடி நின்றான். "எனக்கு?"

"அடுத்த தடவை."

அவன் அழவுமில்லை, அடம்பிடிக்கவுமில்லை. வீடுவரை பத்தடி பின்னாலேயே நடந்து வந்தான். வந்ததும் சட்டையைக் கழற்றி, அதுவரை தானாகச் செய்யாத காரியமாக, மடித்து வைத்தான். அன்றைக்கு அவள் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து ஐந்தாவது பத்தியைப் படித்தாள். இரண்டே வரி. கூடவே இணைத்திருந்த மனுவின் கடைசிப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். கோணல்மாணல் இல்லாமல் நன்றாகவே போட்டிருந்தாள்.

பதினோரு நாள் கழித்து, சாப்பாட்டு இடைவேளையில், வேலை உடுப்போடு கோர்ட்டுக்கு நடந்தாள். ஆத்திரத்தில் போனாள் என்று சொல்ல முடியாது. விரிப்பு தரையில் விழுந்தால் குனிந்து எடுப்பதில்லையா, அப்படிப் போனாள். காப்பாளர் உத்தரவு இருக்கட்டும், ஐந்தாவது பத்தியை மட்டும் நீக்கக் கேட்கலாம், அதற்கு நீதிபதி தம்பியை நேரில் பார்க்க வேண்டும் என்று குமாஸ்தா சொன்னார்.

அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது. "கிணறு வெட்டப் போய்ப் பூதத்தைக் கிளப்பற மாதிரி பண்ணாதே. பென்ஷனுக்கு ஏதாவது ஆச்சுன்னா? ஒரே ஒரு ஓட்டு. அவன் போட்டா என்ன, போடாட்டி என்ன?"

"எனக்கும் ஒண்ணுதான். உனக்கும் ஒண்ணுதான்."

"அது வேற."

"எப்படி வேற?"

"வழக்கமா எல்லாரும் மனுவுல ஓட்டு வேணாம்ங்கற கட்டத்துல டிக் அடிப்பாங்க. நானும் அடிச்சேன்" என்றான் அண்ணன். அது உண்மைதான். அவன் கெட்டவன் இல்லை.

விசாரணைக்கு மூன்று மாதமாயிற்று. நீதிபதி வயதான பெண். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். துரை நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அண்ணன் பின் பெஞ்சில் இருந்தான்.

"இப்ப ஊருக்கு மேயர் யாருன்னு தெரியுமாப்பா?"

துரை யோசித்தான். தெரியவில்லை என்று தலையாட்டினான்.

"நீங்க சொல்லுங்க" என்றார் அவளிடம்.

அவள் ஒரு பெயரைச் சொன்னாள். குமாஸ்தா இருமினார். "அவர் போன தடவைங்க. போன மாசம் செத்தும் போயிட்டாரு."

நீதிபதி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "பட்டியல்ல உங்க பேரை யாரும் அடிக்கலையே?"

"இல்லீங்க."

"ஓட்டுப் போடறதுன்னா என்னன்னு சொல்லு" என்று துரையிடம் திரும்பினார்.

அவன் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. பின்னாலிருந்து அண்ணன் தொடங்கினான்: "அதாவது மேடம், அவன் என்ன சொல்ல வரான்னா..." நீதிபதி கையைக் காட்டி அவனை நிறுத்தினார். அறை காத்திருந்தது. மின்விசிறி சுற்றியது. யாரும் அவனுக்காக முடித்து வைக்கவில்லை.

"உள்ள... நான் மட்டும் போவேன்" என்றான் துரை. "அங்க யாரும்... என்னைப் பாக்க மாட்டாங்க. நான்தான் பாப்பேன். படம் பாப்பேன். ஒண்ணு... எடுப்பேன்."

"எப்படி எடுப்பே?"

"அது... சொல்லக் கூடாது. அம்மாகூட... கேக்க மாட்டாங்க."

நீதிபதி வேறெதுவும் கேட்கவில்லை. ஏதோ எழுதினார்.

ஐந்தாவது பத்தியை நீக்கி, உத்தரவு ஆறு வாரத்தில் வந்தது. பென்ஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே வருஷக் கடைசியில் அவர்கள் வார்டுக்கு இடைத்தேர்தல் வந்தது. அதே வகுப்பறை. துரையின் பெயர் பட்டியலின் கடைசித் தாளில், கையால் எழுதிச் சேர்க்கப்பட்டிருந்தது. அம்மாவின் பெயரை இந்தமுறை எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் தடுப்புக்குப் பின்னால் போனான். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அட்டைக்குக் கீழே அவன் ஷூக்கள் மட்டும் தெரிந்தன, அசையாமல். "என்னம்மா, உதவி ஏதாவது வேணுமா?" என்றார் அலுவலர். "வேணாம்" என்றாள். ஐந்து நிமிஷம். வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள். பிறகு முத்திரை குத்தும் சத்தம் ஒருதரம் கேட்டது. அவன் வெளியே வந்து, சீட்டை நன்றாக மடித்துப் பெட்டிக்குள் போட்டான்.

"யாருக்குடா போட்டே?" தெருவுக்கு வந்ததும் கேட்டாள்.

"சொல்ல மாட்டேன்."

அவள் மறுபடி கேட்கவில்லை. இரண்டாம் ஷிஃப்டுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. அவனை வீட்டில் விட்டுச் சாப்பாடு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மறுநாள் மத்தியானம் பதினாறு ஓட்டு வித்தியாசத்தில் ஒருவர் ஜெயித்ததாக வானொலியில் சொன்னார்கள். துரை தட்டிலிருந்து தலையை நிமிர்த்திக் கேட்டான். பிறகு சாப்பாட்டைத் தொடர்ந்தான். ஜெயித்தது அவன் ஆளா, தோற்றது அவன் ஆளா என்று அவன் முகத்திலிருந்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.