அரை மணி நேரம் வெளியே

அக்காவுக்குப் பசி எடுக்க வேண்டும். பன்னிரண்டு நாளாக அவள் வீட்டில் எங்களுக்கு இருந்த ஒரே கவலை அதுதான். வயிற்றில் பிடித்த ஏதோ கிருமி ரத்தத்தில் ஏறி, பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவள். காய்ச்சல் போய்விட்டது; போகிற போக்கில் பசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வியாழக்கிழமை பரிசோதனைக்குப் போனபோது எடை நாற்பத்தொரு கிலோ. டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. திங்கட்கிழமை மறுபடி எடை பார்ப்பதாகவும், அதற்குக் கீழே இறங்கியிருந்தால் வார்டில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டார். எது வேண்டுமானாலும் சாப்பிடலாம், சாப்பிட்டால் போதும் என்றார்.

நான் பள்ளிக்கூட கேன்டீனில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைப்பவள். லீவு போட்டுவிட்டு வந்து, சூப் வைத்தேன், உருளைக்கிழங்கை வெண்ணெயாக மசித்தேன், முட்டையை நான்கு விதமாகப் பண்ணினேன். அக்கா எல்லாவற்றிலும் இரண்டு ஸ்பூன் எடுத்துவிட்டு, போதும்டி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். முந்நூறு வயிறுகளை அடக்குகிற கை ஒரே ஒரு வயிற்றிடம் தோற்றுப்போனதில் எனக்கு ரோஷம் வந்தது. அதை மறைப்பானேன்.

சனிக்கிழமை காலை அக்கா டம்ளரைத் தட்டினாள். அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று அவள் சொன்னால், கடைசிப் பெட்டி நிற்கிற இடத்தில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான். அந்தக் குரல் இப்போது பக்கத்து அறைக்குக்கூட எட்டவில்லை. அதனால் தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் வைத்திருந்தோம்.

"சாப்ஸ் சாப்பிடணும்போல இருக்கு," என்றாள். "ஆட்டு விலா. எலும்போட. குழம்பு கிழம்பு வேண்டாம். உப்பு, மிளகு, பூண்டு, கொஞ்சம் வெண்ணெய், அவ்வளவுதான்."

அவள் முடிப்பதற்குள் நான் எழுந்து முந்தானையைச் செருகிவிட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ இல்ல. அவர் பண்ணட்டும்."

அத்தானைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முப்பது வருஷமாக ஃபிரிட்ஜ் மெக்கானிக். அடுப்பில் அவர் வைத்தது வெந்நீர், அதுவும் அடிப்பிடிக்காத ஒரே காரணத்தால். அவர்மேல் எனக்கு அப்போது நல்ல அபிப்பிராயம் இல்லை. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளிலிருந்து மனுஷன் அவள் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்காரவில்லை. அறை வாசற்படியில் நின்று மாத்திரை போட்டாயா என்று கேட்பார், அவ்வளவுதான். நேரே ஃபிரிட்ஜுக்குப் போய்விடுவார்.

அந்த ஃபிரிட்ஜ் ஒரு தனிக் கதை. ஊர் வீட்டு ஃபிரிட்ஜுக்கெல்லாம் உயிர் கொடுப்பவர் வீட்டில், கதவு ரப்பர் கிழிந்து ஒரு வருஷமாகப் பழைய பேன்ட் பெல்ட்டால் கட்டி வைத்திருந்தார்கள். குடும்பத்தில் எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிப்போம். இந்தத் தடவை வந்தபோது பெல்ட்டைக் காணோம். புது ரப்பர். குளிர் கூட்டுகிற திருகு கடைசி எண்ணில் நின்றது. பாலில் ஐஸ் ஊசிகள் மிதந்தன; தக்காளியை எறிந்தால் மண்டை உடையும். போதாததற்கு, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்துக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்ப்பார். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் சரியில்லை, பிடித்துக்கொண்டால் நல்ல ரப்பர். அது அவர் தொழிலில் எல்லா வீட்டிலும் செய்கிற சோதனை. பெண்டாட்டி குச்சியாகக் கிடக்கிறாள், இவர் மெஷினைத் தடவிக்கொண்டிருக்கிறார் என்று என் வீட்டுக்காரரிடம் ஃபோனில் உப்புக் காரம் சேர்த்தே சொல்லியிருந்தேன்.

அக்கா கேட்டதைச் சொன்னதும் அத்தான் உடனே கிளம்பினார். இரண்டு தெரு தள்ளி இருக்கிற கறிக்கடைக்கு ஐஸ் பெட்டியோடு போனார். ஆபரேஷனுக்குச் சிறுநீரகம் கொண்டுவருகிறவர்போல அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினார். எட்டுத் துண்டுகள், கட்டைவிரல் தடிமன், ஓரத்தில் வெள்ளைக் கொழுப்பு. கடைக்காரர் நல்ல கறியாகத்தான் கொடுத்திருந்தார். நான் பார்த்து முடிப்பதற்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட்டது.

சொல்லலாம், தொடக்கூடாது என்பது அக்கா எனக்குப் போட்ட கட்டளை. மத்தியானம் அடுப்பங்கரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொன்னேன். கறியை வெளியே எடுத்து அரை மணி நேரம் வையுங்கள், குளிர் போகட்டும், அப்புறம் சட்டியில் போடுங்கள் என்றேன். அத்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு இரண்டு துண்டைக் காய்ந்த சட்டியில் போட்டார். எண்ணெய் சுவர் வரைக்கும் தெறித்தது. வீடு முழுக்கப் புகை. வெளியே கரி, வெட்டிப் பார்த்தால் உள்ளே பச்சை ரத்தம். எலும்பைத் தொட்டால் விரல் சில்லென்றது.

அவர் தன் வேலைப் பையிலிருந்து குளிர் அளக்கிற கருவியை எடுத்தார். வயரோடு ஒரு கம்பி. எந்தெந்தப் பெட்டிக்குள் போய் வந்ததோ என்று நான் முகம் சுளித்ததும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கறியில் குத்தினார். ஒன்பது டிகிரி.

"உள்ள இது இன்னும் ஃபிரிட்ஜ்லதான் இருக்கு," என்றார், வருத்தமாக.

மூன்று மணிக்கு நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் கூடத்தில் இருந்த சமயம் இரண்டு துண்டைத் தட்டில் எடுத்து, மூடி போட்டு, மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். அரை மணி கழித்து வந்தபோது தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. இப்போது சமையுங்கள் அத்தான் என்றேன். சமைத்தார். அதே கரி, அதே பச்சை. கருவி பதினொன்று காட்டியது. எனக்குத் தலை கால் புரியவில்லை. சமையல் தெரிந்து முப்பது வருஷத்தில் இப்படி ஒரு கறியை நான் பார்த்ததில்லை.

"சின்னவளே," என்றார் அத்தான். நாற்பத்தாறு வயதாகியும் நான் அவருக்குச் சின்னவள்தான். "நீ குளிக்கப் போனதும் நான் திரும்ப உள்ள வெச்சுட்டேன். பாத்ரூம் கதவு சத்தம் கேட்டதும் வெளிய எடுத்தேன்."

எட்டில் நான்கு போயிற்று. திங்கட்கிழமை கண்முன்னால் நின்றது. எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"அவ சாகட்டும்னு இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சட்டியைக் கழுவப் போனார். குழாயைத் திறக்காமல் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு எதிரே நின்றார். கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அப்போது டம்ளர் சத்தம் கேட்டது. குரல்தான் போயிருந்ததே தவிர, அவள் காது கூர்மையாகத்தான் இருந்தது.

"மிச்சக் கறியை இங்க கொண்டாங்க," என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் வாங்க."

மருந்து வைக்கிற ஸ்டூலைக் காலி பண்ணி, அதன்மேல் நான்கு துண்டையும் தட்டோடு வைக்கச் சொன்னாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஆக ஐந்து நிமிஷம். ஐந்து இருபத்தைந்து வரைக்கும் யாரும் இதைத் தொடக்கூடாது என்றாள். அத்தானைக் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொன்னாள். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். அவள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தட்டையே பார்த்தார். ஒரு ஈ வந்தது, விரட்டினார். மூடியைச் சரி பண்ணினார். கை தட்டின் விளிம்புக்குப் போய்ப்போய்த் திரும்பியது. எட்டாவது நிமிஷம் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டார். அக்கா அவர் சட்டை நுனியைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை, உதறினால் விட்டுப்போகும். அவர் உதறவில்லை.

"வெளிய வெச்சுக் கெட்டுப்போய் உனக்கு மறுபடி எதாவது ஆச்சுன்னா?" என்றார்.

"அரை மணியில ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னுதான் அன்னிக்கும் நெனச்சேன்." தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அக்காவைப் பார்க்காமல் கறியைப் பார்த்தே பேசினார். "என்ன சாப்பிட்டீங்கன்னு டாக்டர் கேட்டாங்க இல்ல. ரெண்டு நாள் பழைய கோழி. நம்ம ஃபிரிட்ஜ்ல இருந்தது. ஊர்ல ஒரு வீடு விடாம தாள் வெச்சுப் பார்த்திருக்கேன். நம்ம வீட்டுல பார்க்கலை. பெல்ட் போட்டுக் கட்டிட்டு, சிரிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. புது ரப்பரும், கடைசி எண்ணில் நின்ற திருகும், பத்துத் தடவைத் தாளும். அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லாமல்தான் மனுஷன் வாசற்படியிலேயே நின்றிருக்கிறார். அவரைப் போய் நான் கேட்ட கேள்வி. வெட்கத்தில் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அழுகையும் வந்தது. துப்பட்டி மடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்கு ஸ்டேஷன் கடையில் க்ரீம் பன்னும் தின்றதாக அக்கா சொன்னாள். எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றுதானே டாக்டரம்மா சொன்னார், அதை ஏன் நீங்கள் காதில் வாங்கவில்லை என்றாள்.

"பன்னா இருக்கலாம்," என்றார் அத்தான். "கோழியா இருந்தா?"

அக்கா அவசரப்படவில்லை. பொய் சொல்லித் தேற்றுகிற பழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது. லேட்டான வண்டியை லேட் என்றுதான் சொல்வாள்.

"இருந்தா இருந்துட்டுப் போகுது," என்றாள். "அதையும் நான்தான் சாப்பிட்டேன். இதையும் நான்தான் சாப்பிடப் போறேன். சும்மா உட்காருங்க."

ஐந்து இருபத்தைந்துக்கு அவர் கருவியைக் குத்தினார். பதினேழு. தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

இந்தத் தடவை நான் சொன்னதையெல்லாம் கேட்டார். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தார். உப்பும் மிளகும் தூவினார். முதலில் கொழுப்பு ஓரத்தைச் சட்டியில் நிறுத்தி உருக விட்டார். அந்த நெய்யிலேயே படுக்க வைத்து, ஒரு பக்கம் சிவந்ததும் மறுபக்கம் திருப்பினார். தீயைக் குறைத்து வெண்ணெயும் நசுக்கிய பூண்டும் போட்டு, ஸ்பூனால் அள்ளி அள்ளி மேலே ஊற்றினார். வீட்டில் புகை இல்லை, வாசனைதான் இருந்தது. நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே இறக்கியிருப்பேன். அவர் எழுபது டிகிரி வரும்வரை இறக்க மாட்டேன் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. தட்டில் எடுத்து ஐந்து நிமிஷம் ஆறவிட்டு உள்ளே கொண்டுபோனோம்.

கத்தியும் முள்கரண்டியும் வைத்திருந்தேன். அக்கா அதைத் தள்ளிவிட்டு எலும்பைக் கையில் பிடித்தாள். ஒரு வாய் கடித்தாள். மெதுவாக மென்றாள். விழுங்கினாள். இன்னொரு வாய். எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்ததையும் பல்லால் இழுத்துத் தின்று முடித்துவிட்டு, விரலைச் சூப்பிக்கொண்டே அத்தானைப் பார்த்தாள்.

"உப்பு கம்மி," என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எந்தச் சாப்பாட்டிலும் அவள் ஒரு குறை சொன்னதில்லை. ஒரு நாள் சூப்பில் நான் உப்புப் போட மறந்து கொடுத்தபோதுகூடச் சொல்லவில்லை. நான் ஓடிப்போய் உப்பை எடுத்துவந்தேன். இரண்டாவது துண்டில் தானே தூவிக்கொண்டாள். மூன்றாவதை அத்தான் கையில் கொடுத்து, என் எதிரில் தின்னுங்கள் என்றாள். அவர் தின்றபோதுதான் அவர் கன்னமும் எவ்வளவு ஒட்டிப்போயிருந்தது என்று கவனித்தேன்.

நான்காவது தட்டில் இருந்தது. காலையிலிருந்து வாயால் மட்டும் சமைத்தவள் நான். என் பக்கம் நீளும் என்று எதிர்பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்கா தட்டை அத்தானிடம் நீட்டினாள்.

"இதை ஃபிரிட்ஜ்ல வைங்க. காலையில சாப்பிடுறேன்."

அவர் வாங்கவில்லை. நாளைக்குப் புதிதாக வாங்கிவந்து சமைத்துத் தருகிறேன் என்றார். பழசு எதற்கு என்றார்.

"எனக்கு இதுதான் வேணும்," என்றாள் அக்கா. "நம்ம ஃபிரிட்ஜ்ல வைங்க."

தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். நான் எச்சில் தட்டுகளோடு பின்னாலேயே போனேன். டப்பாவில் போட்டு மூடி, பால் பக்கத்தில் வைத்து, கதவைச் சாத்தினார். கை வழக்கம்போலச் சட்டைப்பைக்குப் போனது. அந்தத் துண்டுத் தாளை எடுத்தார். மூடிய கதவுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு அந்தத் தாளிலேயே விரலில் ஒட்டியிருந்த கொழுப்பைத் துடைத்து, குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.