பொன்னாடை தீர்ந்துபோன தேவதைகள்

சிங்கப்பூர்வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கும், அவர்தம் சுற்றத்தாருக்கும், விழா என்றால் சாப்பாட்டு நேரத்துக்குப் பிசகாமல் வந்துசேரும் நண்பர்களுக்கும் மிகுந்த பொறுப்புணர்வோடு அறிவிக்கப்படுவது யாதெனில்: சிங்கை முத்தமிழ்ச் சுவைஞர் பேரவையின் கால் நூற்றாண்டு வரலாற்றில் முதன்முறையாக, தலைவர் அவையில் வீற்றிருக்கும்போதே பார்வையாளர்கள் மனதாரச் சிரித்தார்கள். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு மண்டபத்தில், சென்ற கார்த்திகையில், ஒரு சனிக்கிழமை மாலை இச்சம்பவம் நடந்தேறியது. அதற்குக் காரணமான செயலாளர் அழகேசன் அந்த நேரத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, இப்போதே ஒரு மாரடைப்பு வந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அழகேசனுக்கு ஐம்பத்துநான்கு வயது. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் கொள்முதல் பிரிவில் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் மற்றவர்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். இவர் கைப்பேசியைத் திறப்பார். உலகத்து அருங்காட்சியகங்கள் தங்கள் பழைய ஓவியங்களையெல்லாம் இணையத்தில் இலவசமாகப் போட்டுவைத்திருக்கின்றன அல்லவா? அதில் ஒன்றை எடுத்து அடியில் தமிழில் ஒரு வரி எழுதுவார். அவ்வளவுதான் அவருடைய கெட்ட பழக்கம்.

உடைந்த கப்பலின் பலகையில் தொற்றிக்கொண்டு, துணியை ஆட்டி ஆட்டி உதவி கேட்கும் கூட்டம் ஒன்று. அடியில்: ‘ஞாயிறு மாலை. தேக்கா சந்தை வாசல். டாக்சி.’ பட்டுடுத்திய பெண்ணொருத்தி தட்டில் ஒரு தலையை ஏந்தி வரும் படம். அடியில்: ‘வரவேற்புரையில் ஒரு பெயரை விட்டுவிட்ட செயலாளர்.’ இது கற்பனையல்ல, அனுபவம்.

படத்தை மனைவி வசந்தகுமாரிக்கு மட்டும் அனுப்புவார். அவள் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புவாள். பார்க்காமலே அனுப்புகிறாள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கலைஞன் என்று ஒருவன் இருந்தால் அவனுக்கு ஒரு கட்டைவிரலாவது வேண்டாமா?

வேறு யாருக்கும் அனுப்ப முடியாது. ஏனென்றால் பத்துப் படத்தில் ஏழு, பேரவையின் தலைவர் கலைச்செம்மல் கோவிந்தசாமியைப் பற்றியது. (கலைச்செம்மல் பட்டத்தை அவருக்கு வழங்கியது பேரவை. வழங்கியபோது பேரவைக்குத் தலைவர் அவர்.) கோவிந்தசாமியோ அழகேசனின் சம்பந்தியாகப் போகிறவர். அழகேசனின் மகள் ரக்ஷனாவுக்கும் கோவிந்தசாமியின் மகன் ஸ்ரீநாத்துக்கும் வருகிற தை மாதம் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது.

இரண்டு பேரும் நாலு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்து வீவக வீட்டுக்கு, அதாவது கல்யாணம் செய்யப்போகும் ஜோடிகளுக்கு அரசாங்கம் குலுக்கலில் தரும் அடுக்குமாடி வீட்டுக்கு, விண்ணப்பித்தார்கள். குலுக்கலில் எண் விழுந்த பிறகுதான் பெற்றோருக்கே காதல் விஷயம் தெரிந்தது. இந்த ஊரில் அதுதான் முறை. முதலில் எண், பிறகு நிச்சயதார்த்தம், கட்டடம் எழும்பி முடிந்ததும் கல்யாணம். ஜாதகம் பார்ப்பவர்கள்கூட எண் விழுந்த பிறகுதான் பார்க்கிறார்கள். விழுந்துவிட்டால் பொருத்தம் தானாகவே வந்துவிடுகிறது. ஆக, கோவிந்தசாமியின் மனம் கோணினால் பெண்ணின் வாழ்க்கை கோணும் என்பது அழகேசனின் கணக்கு. தலைவர் முன்னால் அவர் வாயைத் திறப்பது வரவேற்புரைக்கும் கொட்டாவிக்கும் மட்டும்தான்.

விழா அன்று காலை, பத்துப் பன்னிரண்டு படங்களை மொத்தமாக வசந்தகுமாரிக்கு அனுப்பினார். கட்டைவிரல் வரவில்லை. மாறாக, ‘அருமை’ என்று துணைத்தலைவர் இராமசாமியிடமிருந்து பதில் வந்தது. படங்கள் போயிருந்த இடம் பேரவையின் வாட்ஸ்அப் குழு.

அழகேசன் ஒவ்வொன்றாக அழித்தார். இராமசாமி எதையும் பார்க்காமலே ‘அருமை’ போடுபவர், மரண அறிவிப்புக்கே போட்டவர் என்ற நினைப்பு வந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. மற்றவர்கள் சனிக்கிழமை காலையில் எழுந்திருக்கவே மாட்டார்கள். தப்பித்தோம் என்று நினைத்தார்.

மாலையில் வரவேற்புரையை முடித்துவிட்டு, ஒரு பெயரும் விடுபடவில்லை என்ற நிம்மதியோடு மேடையை விட்டு இறங்கியபோதுதான், ஒலி ஒளி பார்த்துக்கொள்ளும் அசோக்கின் மடிக்கணினித் திரை கண்ணில் பட்டது. அதில் தட்டும் தலையுமாக அந்தப் பட்டுப் பெண் நின்றிருந்தாள்.

“தம்பி, இது எப்படி இங்க வந்துச்சு?”

“குரூப்ல வர்ற படம் எல்லாம் என் போன்ல தானா சேவ் ஆயிடும் அங்கிள். சாப்பாட்டு நேரத்துல ஓட்டணும்ல?”

“நான்தான் அழிச்சிட்டேனே!”

“நீங்க அழிச்சா உங்களுக்குப் போயிரும். எனக்கு ஏன் போகுது?”

“அசோக்கு, இத மட்டும் எடுத்துருப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

அசோக் பயந்துவிட்டான். “ஐயோ, முடியாது அங்கிள். தலைவர் ஸ்ட்ரிக்ட்டா சொல்லிட்டாரு. குரூப்ல விழுந்தது ஒண்ணு விடாம ஓடணுமாம். போன வருஷம் இராமசாமி அங்கிள் குத்துவிளக்கு ஏத்துன படம் விட்டுப்போச்சுன்னு அவரு ஆறு மாசம் யார்கிட்டயும் பேசல. நான் ஒண்ணையும் தொட மாட்டேன் லா.”

பேரவையின் தலையாய கொள்கை அது. மேடையில் ஒரு பெயர் விடுபடக் கூடாது. திரையில் ஒரு முகம் விடுபடக் கூடாது. தேர்ந்தெடுத்தால் சண்டை வரும் என்பதால் யாரும் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தக் கொள்கையை வகுத்துக் கொடுத்தவரே அழகேசன்தான்.

விளக்குகள் மங்கின. சோற்றுத் தட்டுகளோடு எல்லாரும் திரையைப் பார்த்தார்கள்.

முதலில் வழக்கமான படங்கள். தலைவர் குத்துவிளக்கேற்றுகிறார். தலைவருக்குப் பொன்னாடை. தலைவருக்குப் பொன்னாடை போர்த்தியவருக்குத் தலைவர் பொன்னாடை. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல், கையில் சோறு ஒட்டியிருந்ததால் சற்று மெதுவாக. அதற்கடுத்ததாக நானூறு வருடப் பழைய ஐரோப்பியப் படுக்கையறை ஒன்று வந்தது. கட்டிலில் ஒரு பிரபு சாகக் கிடக்கிறார். சுற்றிலும் உறவினர்கள் தலையில் கைவைத்து, கண் செருகி, ஒருவர் தரையிலேயே சரிந்து. அடியில்: ‘“நிறைவாக ஒன்றைச் சொல்லி அமர்கிறேன்” — சொல்லி ஒரு மணி நேரம் ஆகிறது.’

மண்டபத்தில் அப்பளம் நொறுங்கும் சத்தம்கூட நின்றுபோனது.

அழகேசன் பார்த்தது திரையை அல்ல, முன்வரிசையை. கோவிந்தசாமியின் முதுகு அசைந்தது. தோள்கள் குலுங்கின. போச்சு, எழுந்திருக்கப் போகிறார் என்று அழகேசன் கண்ணை மூடிக்கொண்டார். காதில் விழுந்தது ஒரு வெடிச்சிரிப்பு.

“யோவ் இராமசாமி! உம்ம பேச்சத்தான்யா சொல்றான்! அப்படியே இருக்கு லா!”

இராமசாமி அதற்குள் மறுபக்கம் திரும்பி, தலைவரைக் கண்ணால் காட்டி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

கழுத்தைச் சுற்றி வட்டமான வெள்ளைப் பட்டி கட்டிய கனவான் வந்தார். தட்டின் மேல் தலை வைத்தாற்போல் இருந்தார். ‘தட்டு வந்துவிட்டது. பிரியாணிதான் வரவில்லை.’ புரவலர் ஒருவர், பொருளாளரைச் சுட்டிக்காட்டிப் புரையேறச் சிரித்தார். பொருளாளர் புரவலரின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே சிரித்தார். அடுத்து மேகக் கூட்டத்துக்கு நடுவே ஒட்டுத்துணி இல்லாமல் கொழுகொழுவென்று குட்டித் தேவதைகள். ‘பொன்னாடை தீர்ந்துவிட்டது. மீதிப் பேருக்கு அடுத்த கூட்டத்தில்.’ கோவிந்தசாமி தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அழகேசனுக்கு வாய் பிளந்தபடியே நின்றது. இத்தனை வருஷமாக ஊசி ஊசியாகச் சேர்த்துவைத்தாரே, ஒன்றாவது குத்த வேண்டாமா? பயம் போன இடத்தில் லேசான ஏமாற்றம் வந்து உட்கார்ந்தது.

அந்த நேரத்தில்தான் கடைசிப் படம் வந்தது. யாரையும் மனதில் வைக்காமல், பஸ் ஆயர் ராஜா சாலையில் நெரிசலில் நின்றபோது பொழுதுபோகாமல் போட்ட படம். பணக்கார வீட்டு அறையில் இளம் கணவனும் மனைவியும். கை கோத்திருக்கிறார்கள், முகம் மட்டும் ஆளுக்கொரு திசையில், பல் பிடுங்கக் காத்திருப்பவர்களைப் போல. ‘குலுக்கலில் எண் விழுந்துவிட்டது. இனிக் காதலித்துத்தான் ஆகவேண்டும்.’

இதற்குத்தான் மண்டபமே அதிர்ந்தது. கோவிந்தசாமி நேராக அழகேசனிடம் வந்து கையைப் பிடித்தார்.

“சம்பந்தி, யாரு இந்தப் படமெல்லாம் பண்ணது? மேடைக்குக் கூப்பிடுங்க, பொன்னாடை போத்துவோம்!”

அழகேசன் பதில் தேடுவதற்குள் ரக்ஷனா வந்து நின்றாள். பின்னாலேயே ஸ்ரீநாத். இருவர் முகத்திலும் ரத்தமே இல்லை.

“யார்கிட்ட சொன்ன?” என்று அவள் ஸ்ரீநாத்திடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“சத்தியமா நான் சொல்லல. நீதான் உங்க அம்மாகிட்ட...”

“நான் ஏன் சொல்லப் போறேன்? சாவி வாங்குறவரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னுதானே பேசினோம்?”

“எதப் பத்திம்மா?” என்றார் அழகேசன்.

ஸ்ரீநாத் பெருமூச்சு விட்டான். “அங்கிள், அதான் ஸ்க்ரீன்லயே போட்டுட்டாங்களே. இனிமே என்ன மறைக்கிறது? எங்களுக்குக் கல்யாணம் வேணாம். ரெண்டு வருஷமாவே வேணாம்.”

கோவிந்தசாமி, ‘நிறைவாக’ என்ற சொல்லைக்கூட மறந்துபோய் நின்றார். வசந்தகுமாரி தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“என்னடி சொல்றான்? அடிச்சானா? வேற யாராச்சும் இருக்கா?”

“அதெல்லாம் இல்லம்மா. போரடிக்குது.”

“போரடிக்குதா?”

“மூணு மாசத்துக்கு ஒரு தடவ கட்டடத்தப் போய்ப் பாப்போம், ஃபோட்டோ எடுப்போம். அது மாடி மாடியா ஏறிக்கிட்டே இருந்துச்சு. எங்களுக்குப் பேசுறதுக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சு.”

வசந்தகுமாரி திரும்பித் தன் கணவரை ஒரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு மகளிடம், “அவ்வளவுதானா?” என்றாள்.

அழகேசன் தொண்டையைச் செருமினார். “ரக்ஷனா, அந்தப் படம் நான் போட்டதுதான். ஆனா உங்கள நெனச்சுப் போடல. சும்மா போட்டேன்.”

அவள் அதிர்ந்துபோனாள். “அப்ப உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாதும்மா.”

“செத்துப்போன வெள்ளக்காரன் மூஞ்சியெல்லாம் பாத்துக் கரெக்ட்டா எழுதுறீங்க. தெனம் எதிர்ல உக்காந்து சாப்பிடுறேன், என் மூஞ்சி தெரியலையாப்பா?”

அழகேசன் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கோவிந்தசாமி அவர் தோளைத் தொட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

“எல்லாப் படமும் நீங்க போட்டதுதானா?”

“ஆமா.”

“அந்த மொதப் படம், ‘நிறைவாக’... அது இராமசாமிதானே?”

அழகேசன் தலைவரின் கண்களைப் பார்த்தார். அதில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. “ஆமாங்க” என்றார்.

இதற்குள் செய்தி மேஜை மேஜையாகப் போய்விட்டிருந்தது. பிரியாணி அவ்வளவு வேகமாகப் போகவில்லை. கல்யாணம் நின்றுபோச்சாம் என்றார்கள், ஐயோ என்றார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று ஒருவர் ஆரம்பித்தார். அடுத்த மேஜையிலிருந்து வசந்தகுமாரியோடு வேலை செய்யும் ஷபானா மட்டும் எழுந்துவந்தாள்.

“ஏம்மா, அப்ப வீடு?”

“திருப்பிக் குடுத்துர வேண்டியதுதான் ஆண்ட்டி.”

“எந்த ஏரியா?”

“கிளமெண்டி.”

எண் விழாதா என்று ஊரே ஏங்கும் பேட்டை அது; அந்த மண்டபத்தில் அன்று உண்மையான அதிர்ச்சி அப்போதுதான் உண்டானது.

“கிளமெண்டியா!” என்று ஷபானா நெஞ்சில் கைவைத்தாள். “எத்தனாவது மாடி?”

“இருபத்தெட்டு.”

“எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்?”

“பக்கத்துலதான். நடந்தே போகலாம்.”

இராமசாமி நாற்காலியைத் தடவித் தேடி உட்கார்ந்தார். அவர் மகன் மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் எண் விழாதவன். “பாவிங்களா, கிளமெண்டிய யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா?” என்று அவர் கேட்டபோது குரல் உடைந்தது. பின்வரிசையில் யாரோ ஒரு அம்மாள் விசும்பினார். கல்யாணம் நின்ற செய்தியைக் கேட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட இப்போது கையை உதறிவிட்டு எழுந்து வந்தார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். காதல் வரும், போகும் என்றார் பொருளாளர். எங்களுக்கெல்லாம் என்ன பொங்கி வழியுதா என்றார் புரவலரின் மனைவி, புரவலர் பக்கத்தில் இருக்கும்போதே.

கோவிந்தசாமிக்குப் பேச்சு திரும்பிவிட்டது. அன்பு என்பது யாது, இல்லறம் என்பது யாது என்று தொடங்கினார். கூட்டம் அவரை நடுவில் பேசவிட்டுவிட்டு, பிள்ளைகள் இருவரையும் ஒரு மூலை மேஜையில் தனியே உட்கார்த்திவைத்தது. மூத்தவர்கள் எட்ட நின்று கைகட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அழகேசனுக்குப் பொறுக்கவில்லை. பாயசக் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு, கொடுக்கப் போவதுபோல் அந்த மேஜைப் பக்கம் போனார். உனக்கு வேண்டாமென்றால் வேண்டாம்மா, யார் என்ன சொன்னாலும் அப்பா இருக்கிறேன் என்று சொல்லிவிடுவதாகத்தான் போனார். அவர் அறிந்து, ஒத்திகை பார்க்காமல் பேச நினைத்த முதல் பேச்சு அது.

ரக்ஷனா குனிந்து, கைப்பேசியில் எதையோ ஸ்ரீநாத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் தலையை ஆட்டினான். “வெள்ள வேணாம், அழுக்குத் தெரியும். கிச்சன் கேபினட்டுக்குக் கிரேதான் பெஸ்ட்” என்றான். “அடுப்பு ஹூட் எந்தப் பக்கம் வைக்கிறது?” என்று அவள் கேட்டாள்.

அழகேசன் பாயசத்தை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இருபத்தெட்டாவது மாடி வீட்டில் மத்தியானத்துக்கு மேல் மேற்கு வெயில் தாங்க முடியவில்லை.