மானாவத்தைக்கு ஒரு தபால்கந்தோர்

“வாத்தியார், எங்கடை ஊரிலை மருந்துக்கும் ஒரு மான் இல்லை. பிறகேன் மானாவத்தை எண்டு பேர்?”

மிசன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் படித்த குணலட்சுமி இப்படிக் கேட்டபோது எட்வேர்ட் வாத்தியாருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஊர்ப்பெயர்களைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தவர் அவர். ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் அவருடைய குறை.

“அது மான் இல்லைப் பிள்ளை. மனுவேல் எண்டொரு பறங்கிக் கப்பித்தான் இஞ்சை தோட்டம் வைச்சிருந்தவன். வத்தை எண்டால் சிங்களத்திலை தோட்டம். மனுவேலின்ரை வத்தைதான் மானாவத்தை ஆச்சு.”

பிள்ளை வீட்டுக்குப் போய் அப்படியே ஒப்புவித்தாள். அவளுடைய தகப்பன் அருளம்பலத்தார் பிள்ளையார் கோயில் மனேச்சர். புகையிலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர், சேற்றுக் காலோடும் மண்வெட்டியோடும் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார்.

“வாத்தியார்! சீதைப்பிராட்டி கண்ட பொன்மான் தண்ணி குடிச்ச மண் இது. இதைப் பறங்கிக்குக் காணி உறுதி எழுதிக் குடுக்க நீர் ஆர்?”

“பொன்மான் மாரீசனெல்லே அண்ணை? அரக்கனைவிட மனுவேல் பறவாயில்லை.”

அருளம்பலத்தார் மண்வெட்டியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, இரட்டித்த கோபத்தோடு திரும்பிப் போனார்.

அந்த வருடமே ஊருக்குத் தபால்கந்தோர் தர அரசாங்கம் சம்மதித்தது. முத்திரையில் வெட்டுவதற்குப் பெயர் கேட்டார்கள். அருளம்பலத்தார் மானாவத்தை என்று எழுதிப் போட்டார். வாத்தியார் மனுவேல்வத்தை என்று எழுதிப் போட்டார். ‘இருவரும் ஒரே தாளில் ஒரே பெயருக்கு ஒப்பமிட்டு ஒரு மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் கந்தோர் அடுத்த ஊருக்குப் போகும்’ என்று அரசாங்க அதிபரின் கச்சேரியிலிருந்து பதில் வந்தது.

அந்தத் தாளோடு இருவரும் கூடியபோது சண்டை கந்தோர் என்ற சொல்லுக்கும் தாவியது.

“கந்தோரும் தமிழ்தான். கந்தன் இருக்கிற இடம்!”

“அது ஒல்லாந்தர் தந்த சொல், அண்ணை.”

“ஒல்லாந்தருக்கு ஆர் குடுத்தது?”

ஒரு மாதத் தவணையில் மூன்று கிழமை இப்படியே போயிற்று. தாளில் அருளம்பலத்தாரின் ஒப்பம் மட்டுந்தான் இருந்தது.

இந்தக் கந்தோருக்காகக் காத்திருந்தவர்களில் சின்னாச்சியும் ஒருத்தி. கைம்பெண். ஒரே மகன் மலாயாவில் ரயிலில் வேலை. கடிதம் வந்ததா என்று பார்க்க அச்சுவேலிக் கந்தோருக்கு நான்கு மைல் நடப்பாள். வந்திருந்தால் வாத்தியாரிடம் கொண்டுவந்து வாசிப்பிப்பாள். அந்தக் கிழமை அவளுடைய முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

“மானோ மனுவேலோ, ஆராவது ஒருத்தர் கடிதத்தைக் கொண்டந்து தந்தால் போதும் தம்பி” என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போனவள், மறுநாள் பாயை விட்டு எழும்பவில்லை.

வாத்தியாருக்குப் பழைய நினைவொன்று வந்தது. ஊருக்குப் புதிதாக வந்த வருடம், தனி ஆளாய் நெருப்புக்காய்ச்சலில் கிடந்தார். தொற்றும் என்று ஒருவரும் அவர் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வரவில்லை. ஆனால் இருபத்தொரு நாளும், வேலி ஓலை விலகிய பொட்டுக்குள் ஒரு செம்பு கஞ்சி, பூவரசமிலையால் மூடியபடி இருந்தது. வைத்தவர் யார் என்று தெரியவில்லை. செம்பின் விளிம்பில் ஒரு நெளிவு. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சின்னாச்சி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தபோது அதே நெளிவு அவர் உதட்டில் பட்டது. குடித்து முடித்து, செம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் வாத்தியார் அருளம்பலத்தார் வீட்டுக்குப் போனார்.

“அண்ணை, நீங்கள் எழுதின பேரே இருக்கட்டும். தாளைத் தாருங்கோ.”

“இப்பதான் வாத்தியாருக்குப் புத்தி வந்தது!”

“ஓம் அண்ணை. கொஞ்சம் பிந்திப்போச்சு.”

ஒப்பமிட்டு, தாளை அச்சுவேலிக்குத் தானே நடந்து கொண்டுபோய்ப் போட்டார்.

மறுநாள் விடிகிற நேரம் அடுப்பு மூட்டினார். ஓலை ஈரம், பற்றவில்லை. அவர் சற்று யோசித்துவிட்டு, மேசையிலிருந்த நாற்பது பக்கத்தையும் எடுத்து வந்தார். மனுவேல் கப்பித்தான் நன்றாகவே எரிந்தான். கஞ்சி கொதித்தது.

செம்பைப் பூவரசமிலையால் மூடிக்கொண்டு போய், சின்னாச்சி வீட்டு வேலிப்பொட்டுக்குள் வைத்தார். உள்ளே அவள் இருமுகிற சத்தம் கேட்டது. ஆள் எழும்பிவிட்டாள் என்று தெரிந்ததும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் விரைந்து நடந்தார்.